ஏழாவது வீட்டுப் பின்சா

என் அண்ணி ஜொகோந்தாவைப் பற்றி ஊரில் யார் என்ன குறை சொன்னாலும் நான் மறுத்துப் பேசுவதில்லை. பாதிக் குறையைப் பரப்பியதே நான்தான். வாய்க்கொழுப்பு, பிடிவாதம், தேவாலயத்தில் முதல் வரிசை பெஞ்சை யாருக்கும் விட்டுக்கொடுக்காத குணம், எல்லாம் உண்மை. ஆனால் அவள் சுடுகிற பின்சா கேக்கைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் எனக்குப் பொல்லாத கோபம் வந்துவிடும். அப்படி ஒரு பின்சாவை இந்தப் பியாவே ஆற்றின் இரண்டு கரையிலும் தேடினாலும் கிடைக்காது. இதை நான் சொல்வதுதான் விசேஷம். ஏனென்றால் நானும் பின்சா சுடுகிறவள்தான்.

என்னுடையது கொஞ்சம் கெட்டியாக வரும். அவ்வளவுதான். அதை அடுக்கிச் சுவர் கட்டலாம் என்கிறார்கள். ஊர் என்ன வேண்டுமானாலும் சொல்லும்.

மற்ற கேக்குகளை மாவில் ஆரம்பித்தால் போதும். பின்சாவைக் களியில் ஆரம்பிக்க வேண்டும். செம்புக் கொப்பரையில் பாலும் தண்ணீரும் கொதிக்கும்போது மக்காச்சோள மாவைத் தூவிக்கொண்டே துடுப்பால் கிண்டி, முதலில் நல்ல பொலெந்தா பண்ண வேண்டும். அது ஒழுங்காக வந்தால்தான் பிறகு சேர்க்கிற சர்க்கரைக்கும், பன்றிக் கொழுப்புக்கும், உலர்ந்த அத்திப்பழத்துக்கும், திராட்சைக்கும், வால்நட்டுக்கும், பெருஞ்சீரகத்துக்கும் மரியாதை. களி கட்டி தட்டினால் அத்தனையும் பாழ். ஜொகோந்தா கிண்டும்போது கொப்பரைக்குள் பார்க்கவே மாட்டாள். கணப்பின் முன்னால் நின்று, தலையை ஒரு பக்கம் சாய்த்து, காதால் கேட்பாள். களி முதலில் துப்பும், அப்புறம் முனகும், கடைசியில் கொப்பரையை விட்டு உரிந்து வரும்போது ஒரு சத்தம் கொடுக்கும் என்பாள். அந்தச் சத்தம் என் காதில் ஒரு தடவைகூட விழுந்ததில்லை. அவள் "வந்துடுச்சு" என்பாள். எட்டிப் பார்த்தால் வந்திருக்கும்.

மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு முந்தின சாயங்காலம் எங்கள் குன்றின் மேல் பனெவின் நெருப்பு. திராட்சைக் கொடிச் சுள்ளியையும் சோளத் தட்டையையும் விறகோடு சேர்த்துச் சொக்கப்பனையாக அடுக்கி, உச்சியில் வைக்கோல் கிழவியை உட்கார வைத்துக் கொளுத்துவோம். பாதிரியார் தீர்த்தம் தெளிப்பார். பெரியவர்கள் தீப்பொறி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்து அந்த வருஷத்து மகசூலைச் சொல்வார்கள். பெரும்பாலும் தப்பாகத்தான் சொல்வார்கள். வீட்டுக்கு ஒரு பின்சா அங்கே வந்து சேரும். கல்யாணம் ஆகாத பெண் அந்த நெருப்பின் முன்னால் ஏழு வேற்று வீட்டுப் பின்சா தின்றால் அந்த வருஷமே அவளுக்குக் கல்யாணம் என்பது எங்கள் வழக்கம். சொந்த வீட்டுப் பின்சா கணக்கில் சேராது. அதை எத்தனை துண்டு தின்றாலும் வயிறுதான் நிறையும்.

எங்கள் குன்றில் பின்சா சுடுகிற வீடு ஏழுதான். ஆகவே இங்கேயே பிறந்த பெண் ஏழாவது துண்டுக்கு அடுத்த குன்றின் நெருப்புக்கு ஓட வேண்டும். நான் ஓடியிருக்கிறேன். வெளியிலிருந்து வருகிறவளுக்கு அந்தக் கஷ்டம் கிடையாது, ஏழும் இங்கேயே கிடைத்துவிடும், ஏழு வீட்டுக்காரிகளும் கொடுத்தால்.

லொரெட்டாவுக்கு ஆறு வீடுதான் கொடுத்துக்கொண்டிருந்தது. கொடுக்காத வீடு ஜொகோந்தாவுடையது. அவள் கட்டிக்கொள்ள நினைத்ததோ ஜொகோந்தாவின் ஒரே மகன் இவானோவை.

லொரெட்டா ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பெண். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறாள். வளைவில் எதிரே லாரி வந்தாலும் அவள் பின்னுக்குப் போகமாட்டாள், லாரிக்காரன்தான் போக வேண்டும். இவானோ அதைப் பார்த்துத்தான் மயங்கியிருக்க வேண்டும், ஏனென்றால் அவன் வாழ்க்கை முழுக்கப் பின்னுக்குப் போய்க்கொண்டிருந்தவன். நாற்பதை நெருங்கியும் அம்மா தலையசைக்காமல் சட்டைப் பொத்தான்கூட மாற்றமாட்டான்.

முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது லொரெட்டா தன் அம்மா சுட்ட பின்சா ஒன்றைக் கொண்டுவந்தாள். ஜொகோந்தா ஒரு விள்ளல் எடுத்து வாயில் வைக்கப் போனாள். அந்த நேரம் பார்த்து இந்தப் பெண் வெள்ளந்தியாக, சிஞோரா என்று மரியாதை வேறு வைத்து, "எங்கம்மா அஞ்சு நிமிஷத்துல கிண்டிடுவாங்க சிஞோரா, பாக்கெட் மாவு. பெருஞ்சீரகம் மட்டும் நாங்க போடமாட்டோம்" என்றாள்.

ஜொகோந்தா விள்ளலைத் தட்டிலேயே வைத்தாள். தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைக் கதவைத் திறந்து முழு பின்சாவையும் கோழிகளுக்குப் போட்டுவிட்டு வந்தாள். இதில் அவளுக்கு இன்னும் ஆத்திரமான விஷயம், கோழிகள் அதை ஒன்றையொன்று தள்ளிவிட்டுக்கொண்டு தின்றன.

அன்றிலிருந்து ஒவ்வொரு பனெவினுக்கும் ஜொகோந்தாவின் தட்டு லொரெட்டாவைத் தாண்டிப் போனது. லொரெட்டா மற்ற ஆறையும் தின்பாள். என்னுடையதையும் கண்ணில் நீர் வரத் தின்று முடிப்பாள். அதற்காகவே எனக்கு அந்தப் பெண்ணைப் பிடிக்கும்.

இந்த வருஷம் பனெவின் அன்று காலையில் ஜொகோந்தா பின்சாவைப் பொதிந்து சுட முட்டைக்கோஸ் இலை பறிக்கக் கொல்லைக்குப் போனவள், உறைபனியில் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டில் எலும்பு முறிந்துவிட்டது. இவானோ டிராக்டரோடு குன்றின் மேல் விறகு அடுக்கிக்கொண்டிருந்தான். நான் போட்டது போட்டபடி சாலைக்கு ஓடினேன். தேவாலயத்துப் பெஞ்சுகளைக் குன்றுக்கு ஏற்றிக்கொண்டு மஞ்சள் பேருந்து வந்தது. இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே நின்றேன்.

லொரெட்டா ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பெஞ்சுகளைச் சாலையோரம் இறக்கி வைத்தாள். ஜொகோந்தாவைக் குழந்தையைப் போலத் தூக்கி, முன் இருக்கையில் உட்கார வைத்தாள். அந்த இருக்கையில் நீலக் கட்டம் போட்ட துணியில் ஒரு பொட்டலம் இருந்தது. ஜொகோந்தா அதை முகர்ந்து பார்த்து, முழங்கையால் ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள். வழி முழுக்க அவள் பேசியது ஒரே ஒரு வாக்கியம்.

"பிரேக்கைப் பாத்துப் போடு. நான் ஸ்கூல் பையன் இல்ல."

ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கொண்டுபோன பிறகு நானும் லொரெட்டாவும் தாழ்வாரத்தில் உட்கார்ந்தோம். அந்தப் பொட்டலம் என்ன என்று கேட்டேன்.

"அம்மா குடுத்தனுப்பின பின்சா, நீவெஸ் அத்தை. வருஷா வருஷம் சிஞோராவுக்குன்னு குடுப்பாங்க. கோழி தின்ன கதைய நான் சொல்லல. வருஷா வருஷம் பஸ்ஸ விட்டு இறக்காம வெச்சிருந்து ஸ்கூல் பசங்களுக்குக் குடுத்துடுவேன்."

"பாக்கெட் மாவா?"

"பாக்கெட் மாவுதான். அவங்களுக்குக் கை நடுக்கம், அத்தை. ரொம்ப நேரம் கிண்ட முடியாது. அத அன்னிக்கே சொல்லியிருக்கணும். பெருமையா வேற சொல்லித் தொலைச்சேன்."

எனக்குச் சுருக்கென்றது. அவளே மேலே பேசினாள்.

"டவுன்ல ஒரு ரூட்டு காலியாகுதாம். வர்றியான்னு கேட்டிருக்காங்க. இன்னிக்கும் அவங்க தட்டு என்னைத் தாண்டிப் போச்சுன்னா நான் போயிடறேன்."

"இவானோ?"

"வருவாரா? நீங்களே சொல்லுங்க. அம்மாவ விட்டுட்டு வந்தா அவரு பாதி மனுஷன். பாதி மனுஷன வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?"

இவானோவைத் தூக்கி வளர்த்தவள் நான். அவன் போகமாட்டான் என்று எனக்குத் தெரியும். போகாமல், அந்த வீட்டுக்குள்ளேயே வாடிப்போவான் என்றும் தெரியும்.

மாவுக்கட்டோடு ஜொகோந்தா வீட்டுக்கு வந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. இவானோ குன்றிலிருந்து ஓடிவந்திருந்தான்.

"அம்மா, நான் கிண்டறேன். நீங்க உக்காந்து சொல்லுங்க."

"நீயா? பாதியில சிகரெட் பிடிக்கப் போவே. போடா, போயி கிழவிய ஒழுங்காக் கட்டு. போன வருஷம் தலைகீழாத் தொங்கினா."

அவன் போனான். மற்ற வீடுகளில் எல்லாரும் அவரவர் கொப்பரையில் மும்முரமாக இருப்பார்கள். யாரைப் போய்க் கூப்பிடுவது? கூப்பிட்டால் ஜொகோந்தா உயிரை விட்டுவிடுவாள். இந்த வருஷம் அவள் வீட்டில் பின்சா இல்லை என்று ஆகிவிடும் போலிருந்தது. எனக்கே அழுகை வந்தது. பனெவின் என்றால் எனக்கு நெருப்பும் இல்லை, கிழவியும் இல்லை. இலையைப் பிரித்ததும் ஆவியோடு மேலே எழும்புகிற அந்த அத்தி வாசனைதான்.

"நான் கிண்டறேன் அண்ணி" என்றேன்.

ஜொகோந்தா என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். ஆனால் வேறு வழியில்லை. நாற்காலியை இழுத்துக் கணப்பருகில் போட்டுக்கொண்டாள். நான் மாவைத் தூவினேன், கிண்டினேன், முழங்கை வலித்தது, கையை மாற்றினேன். அவ்வளவுதான்.

"கட்டி தட்டுது!"

"எங்க தட்டுது? நல்லாத்தான் இருக்கு."

"எனக்குக் காது கேக்குதுடி. நீ கிண்டறது களி இல்ல, ஜல்லி. பன்னிக்குக் கொண்டுபோய் ஊத்து."

ஊற்றினேன். பன்றி யோசித்துத்தான் வாய் வைத்தது.

நான் திரும்பி வந்தபோது, பெஞ்சுகளைக் குன்றில் சேர்த்துவிட்டு வந்த லொரெட்டா கோட்டைக் கழற்றிக் கதவில் மாட்டிவிட்டு, கொப்பரையைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஜொகோந்தா அவளை அங்கே இல்லாதவள் மாதிரி நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். போ என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. லொரெட்டா பாலும் தண்ணீரும் ஊற்றிக் கொக்கியில் மாட்டினாள். கொதி வந்தது. உப்புக் கல்லைப் போட்டாள். வலது கையால் மாவை மழைபோல் தூவினாள். இடது கையால் துடுப்பைச் சுழற்றினாள்.

கொஞ்ச நேரத்தில் ஜொகோந்தாவின் தலை நிமிர்ந்தது.

"எந்தப் பக்கம் சுத்தறா இவ?"

நான் எட்டிப் பார்த்தேன். லொரெட்டா இடக்கைக்காரி. துடுப்பு இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் களி வலப்பக்கமாகத்தான் சுற்றும். ஜொகோந்தாவின் மாமியார் காலத்திலும் அப்படித்தான், அதாவது என் அம்மா காலத்திலும்.

"நிறுத்து!" என்று கத்தினாள் ஜொகோந்தா.

லொரெட்டா கையை நிறுத்தப் போனாள்.

"நிறுத்தாத! பாவி, நிறுத்தாத!"

"நிறுத்தவா வேணாமா சிஞோரா?"

ஜொகோந்தாவுக்கு முகம் சிவந்துவிட்டது. களியில் அதைவிடப் பெரிய சட்டம் ஒன்று உண்டு. எந்தப் பக்கம் ஆரம்பித்தோமோ அந்தப் பக்கமேதான் கடைசிவரை போக வேண்டும். நடுவில் திருப்பினால் கட்டி தட்டும். அவள் சட்டத்தை அவளே மீறவும் முடியாது, இந்தப் பெண் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு இருக்கவும் முடியாது. வாழ்க்கையில் முதல் தடவையாக என் அண்ணி மாட்டிக்கொண்டு முழித்ததைப் பார்த்தேன். அவள் கையில் மட்டும் கட்டு இல்லாதிருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பேன்.

"அந்தப் பக்கமே சுத்து" என்றாள் கடைசியில், பல்லைக் கடித்துக்கொண்டு.

லொரெட்டா சுற்றினாள். பேருந்து ஸ்டியரிங்கைத் திருப்பிப் பழகிய தோள். வேகம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. களி துப்பி அவள் மணிக்கட்டில் தெறித்தது. கொதிக்கிற களி தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு தீய்க்கும். அவள் உதட்டைக் கடித்தாளே தவிர கை நிற்கவில்லை. இன்னொரு தடவையும் தெறித்தது. நான் துணி தேட எழுந்தேன். எனக்கு முன்னால் ஜொகோந்தா எழுந்து, வாளித் தண்ணீரில் இடது கையால் ஒரு துணியை நனைத்து, பிழிய முடியாததால் சொட்டச் சொட்ட அப்படியே கொண்டுவந்து லொரெட்டாவின் மணிக்கட்டில் போட்டாள். திரும்பிப் போய் உட்கார்ந்து தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

ரொம்ப நேரம் ஆயிற்று. என் வீட்டுப் பின்சா கணப்பில் வெந்துகொண்டிருந்தது, அதைப் போய்ப் பார்க்கக்கூட மனசு வரவில்லை. நெருப்பு வெடிக்கிற சத்தமும் துடுப்பு உரசுகிற சத்தமும்தான். திடீரென்று லொரெட்டா, "வந்துடுச்சு" என்றாள்.

அதே நொடியில் ஜொகோந்தாவும் வாயைத் திறந்திருந்தாள். வார்த்தை அவள் வாயிலேயே நின்றது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"சத்தம் மாறிச்சே சிஞோரா. பஸ்ஸுல கியர் விழுந்த மாதிரி."

ஜொகோந்தா என் பக்கம் திரும்பினாள். எனக்குக் கேட்டதா என்று அவள் கேட்கவில்லை, நல்லவேளை.

அதற்குப் பிறகு வேலை ஓடியது. ஜொகோந்தா சொல்லச் சொல்ல லொரெட்டா செய்தாள். அதைப் பார்க்க ஆயிரம் கண் வேண்டும். ஜொகோந்தா எதையும் அளக்கமாட்டாள். அத்திப்பழத்தை அழுத்திப் பார்த்து, "இது காய்ஞ்சது, இன்னும் கொஞ்சம் சாராயத்துல ஊறட்டும்" என்பாள். களியின் மேல் குனிந்து முகர்ந்து, "கொழுப்பு போதும்" என்பாள். லொரெட்டா பெருஞ்சீரக டப்பாவைக் கையில் எடுத்து ஒரு நிமிஷம் தயங்கினாள்.

"எங்க வீட்ல இது..."

"தெரியும். போடு."

போட்டாள், நிறையவே போட்டாள். கணப்பின் தரையைக் கூட்டித் தள்ளி, சூடான கல்லின் மேல் முட்டைக்கோஸ் இலைகளை விரித்து, கலவையைக் கொட்டித் தட்டி, மேலேயும் இலை மூடினோம். அதன் மேல் சாம்பல், சாம்பலின் மேல் தணல். எவ்வளவு தணல் என்பதில்தான் என் பின்சா செங்கல்லாவதும் அவள் பின்சா பின்சாவாவதும் இருக்கிறது. ஜொகோந்தா இடது புறங்கையைத் தணலுக்கு மேலே பிடித்து, "இங்க ஜாஸ்தி, அங்க தள்ளு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். லொரெட்டா கரண்டியால் தள்ளினாள். இரண்டு பேரும் இடது கையில் வேலை செய்ததால் அடிக்கடி இடித்துக்கொண்டார்கள். இடித்துக்கொண்டபோதெல்லாம் ஜொகோந்தா ஒரு வசவு விட்டாள். லொரெட்டா ஒரு தடவைகூட மன்னிப்புக் கேட்கவில்லை.

இருட்டத் தொடங்கும்போது சாம்பலை விலக்கி இலையைப் பிரித்தோம். வெளி இலை கருகி, உள் இலை பழுத்து, பின்சாவின் மேல் முட்டைக்கோஸ் நரம்பெல்லாம் அச்சாகப் பதிந்திருந்தது. ஓரம் பொன்னிறம், நடுவில் விரல் வைத்தால் லேசாக அமுங்கியது. நான் எத்தனையோ வருஷமாக அந்த வீட்டுப் பின்சா தின்று வளர்ந்தவள். சத்தியமாகச் சொல்கிறேன், இவ்வளவு அழகாக வந்து நான் பார்த்ததில்லை. ஜொகோந்தா பார்த்துவிட்டு, "ம்" என்றாள். லொரெட்டா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குன்றில் ஊரே கூடியிருந்தது. கிழவி நேராக உட்கார்ந்திருந்தாள், இவானோ நன்றாகத்தான் கட்டியிருந்தான். பாதிரியார் தெளித்து முடித்ததும் தீ வைத்தார்கள். பொறி நேரே மேலே போனது. அதற்கு என்ன அர்த்தம் என்று பெரியவர்கள் சண்டை போட ஆரம்பித்தார்கள். கிராம்பு போட்டுக் காய்ச்சிய வைன் கைமாறியது. லொரெட்டா வழக்கம்போல ஒவ்வொரு வீட்டுத் தட்டிலும் ஒரு துண்டு வாங்கித் தின்றாள். என்னுடையதையும் தின்றாள். இந்த வருஷம் அதை யாரும் பார்க்காமல் விட்டதில் கூடுதலாகவே கெட்டி. ஆறு ஆயிற்று.

ஜொகோந்தாவின் பின்சா கடைசியாகத்தான் வரும். ஒரு கையால் அவள் தட்டைத் தூக்க முடியாது என்பதால் தட்டை நான் பிடித்தேன். அவள் இடது கையால் துண்டு எடுத்து ஒவ்வொருவருக்கும் கொடுத்தாள். பக்கத்து வீட்டு ஓலிந்தோ தின்றுவிட்டுக் கண்ணை மூடினார்.

"ஜொகோந்தா, கை ஒடஞ்ச வருஷத்துல இவ்ளோ நல்லா வந்திருக்கே. வருஷா வருஷம் ஒடச்சுக்கோயேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். ஊருக்கு என்ன தெரியும்?

"நான் கிண்டல" என்றாள் ஜொகோந்தா. எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். "கிண்டினது லொரெட்டா. இடப்பக்கமாக் கிண்டினா. ஒரு கட்டி தட்டல."

அவள் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. லொரெட்டா நெருப்புக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள், அவளுக்கு அடுத்து இவானோ. நான் தட்டோடு அவள் முன்னால் போய் நின்றேன். ஜொகோந்தாவின் இடது கை தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்தது. அதை இவானோவிடம் கொடுத்தது.

"நடடீ" என்றாள் என்னிடம்.

நான் நடக்கவில்லை. லொரெட்டாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் அழவில்லை. தலைக்குட்டையை இழுத்துக் கட்டினாள், கிளம்பப் போகிறவள் மாதிரி. இவானோ கையிலிருந்த துண்டை வெறித்துப் பார்த்துவிட்டு, "அம்மா" என்றான், அதற்கு மேல் அவனுக்கு வரவில்லை. எனக்கு வந்தது. இத்தனை வருஷம் அண்ணி என்று அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது.

"நடக்க மாட்டேன்! உங்களுக்கு மனசா கல்லா? தூக்கிட்டுப் போனவ அவ. கை வேக வேகக் கிண்டினவ அவ. ஊர் முன்னால அவ பேரச் சொல்லிட்டு ஒரு துண்டு குடுக்கக் கை வரலியா? இந்தாங்க, உங்க தட்ட நீங்களே பிடிங்க!"

"ஏன்டி கத்தறே?" என்றாள் ஜொகோந்தா. "இந்தக் குன்றுல பொறந்தவ, உனக்கே கணக்குத் தெரியாதா? சொந்த வீட்டுப் பின்சா கணக்குல வருமா?"

நீட்டின தட்டை நான் மெதுவாக என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"என் கொப்பரைய இதுவரைக்கும் வேத்து ஆள் யாரும் கிண்டினதில்ல. நீ கிண்டினது பன்னிக்குப் போச்சு, அது கணக்கில்ல. கிண்டவும் விடமாட்டேன். இவ கிண்டிட்டா. அப்ப இது இவ வீட்டுது. இத இவ எத்தனை தின்னாலும் ஆறு ஆறுதான்." லொரெட்டா பக்கம் திரும்பினாள். "பஸ்ஸுல நீலத்துணியில கட்டி வெச்சிருக்கியே. எங்க அது?"

"அது... அது எங்க வீட்டுது, சிஞோரா."

"எது உங்க வீடு? அது உன் பொறந்த வீடு. இனிமே அது வேத்து வீடு. போய் எடுத்துட்டு வா."

"எங்கம்மா இதக் கேட்டா அழுவாங்க."

"அழட்டும். எங்கம்மாவும் அழுதா. எல்லா அம்மாவும் அழுவாங்க. போடி, நெருப்பு அணையறதுக்குள்ள."

லொரெட்டா போகவில்லை. அவளால் முடியவில்லை, முகத்தைக் குட்டையில் புதைத்துக்கொண்டு நின்றாள். ஓடினது இவானோ. நாற்பது வயது ஆள் சரிவில் உருண்டு விழாத குறையாக ஓடி, பேருந்துக் கதவைத் திறக்கத் தெரியாமல் ஜன்னல் வழியாகக் கையை விட்டுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வந்தான். ஜொகோந்தா முடிச்சை ஒரு கையால் அவிழ்க்கப் பார்த்தாள், முடியவில்லை. நான் அவிழ்த்தேன். கொஞ்சம் நசுங்கின பின்சா, ஆஸ்பத்திரி போகும்போது அவள் முழங்கை பட்டது. அதில் ஒரு துண்டைப் பிட்டு ஜொகோந்தா லொரெட்டாவின் வாய்க்கே கொண்டுபோனாள்.

"தின்னு. ஏழு."

லொரெட்டா மூக்கை உறிஞ்சிக்கொண்டே தின்றாள். யாரோ கைதட்டினார்கள், யாரோ இவானோவின் முதுகில் அறைந்தார்கள். நான் தட்டைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்து அழுதேன், வெட்கமே இல்லாமல். பிடிவாதக்காரி, வாய்க்கொழுப்பு பிடித்தவள் என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த என் அண்ணியைப் பார்க்க எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

ஜொகோந்தா துணியில் மீதியிருந்ததில் தனக்கும் ஒரு விள்ளல் எடுத்தாள். லொரெட்டா மென்றுகொண்டிருந்ததை நிறுத்திவிட்டாள். ஜொகோந்தா விள்ளலை வாயில் போட்டு, கொப்பரைக்கு முன்னால் நிற்கிறவள் மாதிரி தலையைச் சாய்த்து, மெதுவாக மென்றாள்.

"பெருஞ்சீரகம் இல்ல."

"இல்லீங்க" என்றாள் லொரெட்டா.

"பாக்கெட் மாவு."

"ஆமாங்க. அம்மாவுக்குக் கை நடுக்கம்."

ஜொகோந்தா தன் மாவுக்கட்டைப் பார்த்தாள். அப்புறம் இன்னொரு விள்ளல் எடுத்தாள், முதலில் எடுத்ததைவிடப் பெரிதாக.

"என் கோழிங்க அன்னிக்கே சொல்லுச்சுங்க" என்றாள். "நான்தான் கேக்கல."